மூக்கு வழியே கொஞ்சம் சரித்திரம்

வங்கி மாற்றலில் கிழக்கேகோட்டைக்கு வந்தபோது பழைய சைனஸும் கூடவே வந்தது. சாலை பஜாரில் மிளகாய்க் கடைகளைத் தாண்டினாலும் வாசனை தெரியாது. ஆபரேஷன் என்றால் பயம்.

பெரியப்பாவுக்கு அந்தக் காலத்தில் மேலுதட்டுக்கு உள்ளே கிழித்து, கன்ன எலும்பைத் துளைத்துச் செய்தார்கள். முகம் வீங்கிக் கிடந்தார். 1893-ல் நியூயார்க்கில் கால்டுவெல்லும் 1897-ல் பாரிஸில் லூக்கும் தனித்தனியே வெளியிட்ட முறை அது. சளி வடிய மூக்கின் அடியில் புது ஓட்டை போடுவார்கள்.

பிற்பாடு ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெசர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தார். புது ஓட்டை இருந்தாலும் உள்ளேயுள்ள நுண்மயிர்கள் சளியை இயற்கை வாசலுக்கே தள்ளுகின்றன! அப்படியானால் அடைத்த வாசலைத் திறப்பதுதானே வழி? 1985-ல் அமெரிக்காவில் கென்னடி இதற்குப் பெயர் வைத்துப் பரப்பினார்.

பலனை அளக்க 22 கேள்விகள் உண்டு. தலா 0 முதல் 5, மொத்தம் 110. தூக்கம், களைப்பு, எரிச்சல்கூட அதில் வரும். குறைந்தால் லாபம் என்கிற விசித்திரக் கணக்கு. எனக்குப் பாதிக்கும் கீழே இறங்கியது. நோய் திரும்பலாம் என்பதால் தினமும் உப்புநீரில் மூக்கைக் கழுவுகிறேன்.

போன வாரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தேன். தேங்காய் வாசனை வந்தது! மனைவியிடம் சொன்னேன். "அப்ப இனிமே தாளிப்பு தீஞ்சா கண்டுபிடிச்சுடுவீங்களா?" என்றாள்.