ஏழில் பாதி மூன்றா, மூன்றரையா? பைதன் மொழியில் நடந்த ஒரு பிணக்கு

7ஐ 2ஆல் வகுத்தால் என்ன வரும்? ஆறாம் தரப் பிள்ளையும் 3.5 எண்டு சொல்லும். ஆனால் 2008 டிசம்பர் 3ஆம் திகதிக்கு முதல் வந்த பைதனிடம் சும்மா 7/2 எண்டு கேட்டால் 3 எண்டுதான் சொல்லும். அண்டைக்கு வெளியான பைதன் 3.0 தான் 3.5 எண்டு சொன்னது. கலைப்பீடத்துக்காரருக்கு இதில என்ன வேலை எண்டு கேட்பீங்கள். ஒரு விசித்திரமான விடை ஏன் இவ்வளவு காலம் சரியான விடையாக இருந்தது எண்டது வரலாற்றுக் கேள்விதானே.

கதை 1957இல் ஐபிஎம் வெளியிட்ட போர்ட்ரான் மொழி வரைக்கும் போகுது. ஜோன் பக்கஸ் குழுவினர் உருவாக்கிய அந்த மொழியில் முழு எண்ணும் தசம எண்ணும் வேறுவேறு சாதிகள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான், மிச்சம் போய்விடும். எழுதுகிறவருக்கு இது தெரிந்தே இருந்தது. மாறியின் பெயர் ஐ முதல் என் வரையான எழுத்தில் தொடங்கினால் அது முழு எண். பிறகு வந்த சி மொழியும் இதே வழிதான், அங்கேயும் எண்ணின் வகையை முதலிலேயே அறிவிக்க வேணும்.

1989 கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் கீடோ வான் ரோசம் பைதனைத் தொடங்கினார். அதற்கு முதல் அவர் வேலை செய்த ஏபிசி மொழியில் வகுத்தால் சரியான பின்னமே கிடைக்கும். பைதனுக்கோ அவர் சி மொழியின் வழக்கத்தை எடுத்தார். சிக்கல் என்னவெண்டால், பைதனில் வகையை அறிவிக்கத் தேவையில்லை. 70, 75 எண்டு இரண்டு புள்ளிகளின் சராசரியைக் கேட்டால் 72 வரும். அதே நிரலுக்கு 70.0 எண்டு கொடுத்தால் 72.5. நிரல் ஒண்டு, கணக்கு ஒண்டு, விடை மட்டும் தட்டச்சு செய்தவரின் கையைப் பொறுத்தது! இசட் புள்ளியின் நாலாம் தசமதானத்தைப் பார்த்துப் பயந்து வளாகத்துக்கு வந்த எங்களுக்கு அந்த அரைப் புள்ளியின்ர பாரம் விளங்கும்.

2001இல் மோஷே சாட்காவும் கீடோவும் பெப் 238 எண்ட முன்மொழிவை வைத்தார்கள். 7/2 எண்டால் 3.5 வரவேணும், பழைய விடை வேணுமெண்டால் இரட்டைச் சாய்கோடு போட்டு 7//2 எண்டு எழுதவேணும். பெரிய வாக்குவாதம் நடந்தது. எதிர்த்தவர்களை முட்டாள்கள் எண்டு சொல்லேலாது. மிச்சத்தை விடும் எண்டு நம்பித்தான் அவர்கள் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதி வைத்திருந்தார்கள். அதனால் அதே ஆண்டு வந்த 2.2 பதிப்பு இரட்டைச் சாய்கோட்டை மட்டும் சேர்த்தது. புது வகுத்தல் வேணுமானவர் நிரலின் தலையில் ஒரு வரி போடவேணும். அந்த வரியின் பொருள், ‘எதிர்காலத்திலிருந்து வகுத்தலை இறக்குமதி செய்’ எண்டது. உண்மையாத்தான்.

ஏழு வருச அவகாசம் கொடுத்தும் 3.0 வந்தபோது கனபேர் தடுமாறினார்கள். பைதன் 3இல் பிரின்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் நிரல் உடனே நிண்டுவிடும், திருத்தலாம். வகுத்தல் அப்படியில்லை. நிரல் ஓடும், விடை வரும், ஆனால் அது வேற விடை. பழைய நிரலைப் புதிதாக மாற்ற வந்த 2டு3 எண்ட கருவியும் பிரின்டைத் திருத்தியது, வகுத்தலைத் தொடவில்லை. இரண்டு மாறிகளுக்குள் என்ன வகை எண் வரும் எண்டு வரியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாதே.

மட்டந்தட்டலும் மாறியது. 2.5ஐ மட்டந்தட்டினால் முந்தி 3.0, இப்ப 2. 3.5 எண்டால் 4. நடுவில் நிற்கும் எண் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். எப்பவும் மேலேயே தள்ளினால் கூட்டுத்தொகை மெல்ல மெல்ல ஊதும் எண்டது காரணம். நியாயம்தான். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் படித்த மட்டந்தட்டல் இது இல்லை. வகுத்தலை மாற்றியதால் மொழி எங்கட கணக்குக்குக் கிட்ட வந்தது, இதால் கொஞ்சம் தள்ளிப் போனது எண்டுதான் எனக்குப் படுது.

2015இல் முடியவேண்டிய பைதன் 2இன் ஆயுளை 2020 ஜனவரி 1 வரைக்கும் நீட்டினார்கள். அந்த ஏப்ரலில் கடைசிப் பதிப்பு 2.7.18 வந்தது. அதை இப்பவும் நிறுவலாம். அதில் 7/2 இன்றைக்கும் 3 தான்.