ஈயம் தந்த சொற்கள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் பாதை நோர்வூட்டிலே பிரிந்து, மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்கின்றது. இம்மலைத் தோட்டங்களுக்குள் வெளியார் நுழைவது ஒரு காலத்தில் எளிதன்று. தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் துணி வியாபாரியாகவே முதலில் உள்ளே புகுந்தார் என்பர். ஆள் புக முடியாத இடத்திலும் அச்சிட்ட தாள் புகும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1924-இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931-இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களை அச்சிட்டு, கூட்டங்களிற் பாடியும் வந்தார்.

ஆயினும், தாள் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? லயத்து அறையில், மங்கிய விளக்கொளியில், ஒருவர் படிக்கப் பலர் கேட்க வேண்டும். அங்கேதான் பக்க அமைப்புக் கலையின் அடிப்படைச் சொற்கள் உயிர் பெறுகின்றன.

முதலாவது, எழுத்தின் அளவு. இதனை அச்சுத் தொழிலாளர் 'பாயிண்ட்' என்னும் அலகால் அளப்பர். 72 பாயிண்ட் ஏறக்குறைய ஓர் அங்குலமாகும். எழுத்துப் பெருத்தால் கண்ணுக்கு எளிது. காகிதச் செலவோ மிகுதி. 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துக்கள் பெரியனவாக இருந்தமையால், அங்கேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

இரண்டாவது, வரியிடைவெளி. வரிகளுக்கு நடுவே அச்சுக்கோப்போர் மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகினர். ஆங்கிலத்தில் ஈயத்தின் பெயரே 'லெடிங்' என இவ்விடைவெளிக்கும் பெயராயிற்று. தமிழுக்கு இது இன்றியமையாதது. மெய்யின் புள்ளியும் இகரக் கொம்பும் மேலே எழுகின்றன. உகரத்தின் வால் கீழே இறங்குகின்றது. இடைவெளி குறைந்தால் இவை ஒன்றோடொன்று மோதும்.

மூன்றாவது, ஓரம். நான்கு புறமும் விடப்படும் வெற்றிடம் வீணன்று. தாளைப் பிடிக்கும் விரல் எழுத்தை மறையாதிருக்க உதவுவது அதுவே.

இன்று கணினியில் ஈயம் இல்லை. அது தந்த பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது. நோர்வூட்டில் ஒரு மாணவன் கோயில் திருவிழாவுக்கு அறிவித்தல் தயாரிக்கும்போதும் பழைய கேள்வியே அவன் முன் நிற்கின்றது: இதனைப் படிப்பவர் யார்? எந்த வெளிச்சத்திலே படிப்பார்?