சமூகத்தை எந்தத் தெருவில் நின்று பார்ப்பது?

சமூகவியல் படித்த எல்லோருக்கும் முதல் பாடம் நினைவிருக்கும். பிரான்சின் ஆகஸ்ட் காம்ட் 1838இல் இந்தத் துறைக்குப் பெயர் சூட்டினார். பிறகு ஸ்பென்சர், மார்க்ஸ், துர்கைம், வெபர் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். களப்பணிக்கு வந்தபின் அந்தப் பாடங்கள் எதற்குப் பயன்படும் என்று கேட்கிறோம். அதற்கு விடை தேட, அந்த வரலாற்றை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

காம்ட் எழுதிய காலம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய காலம். பழைய ஒழுங்கு குலைந்துவிட்டது, புதிய ஒழுங்கை எப்படி நிறுவுவது என்பதே அவரது கவலை. துர்கைமும் ஒரு சமூகம் உடையாமல் ஒட்டி நிற்பது எப்படி என்றே கேட்டார். இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததே செயல்பாட்டு அணுகுமுறை. உடலுக்கு உறுப்புகள் போல, சமூகத்தின் ஒவ்வோர் அமைப்பும் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது என்று அது பார்க்கிறது. இதைச் சாதிக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? மலம் அள்ளுவதும் பறையடிப்பதும் சமூகத்துக்குத் தேவையான 'பணி' ஆகிவிடும். அந்தப் பணியை யார் யார்மீது சுமத்தினார்கள் என்ற கேள்வி மறைந்துவிடும். மார்க்ஸ் வேறு இடத்தில் தொடங்கினார். உழைப்பவர் யார், அதன் பலனை எடுத்துக்கொள்பவர் யார் என்று கேட்டார். மோதல் அணுகுமுறை அங்கிருந்து வருகிறது.

இந்த வரிசையில் பாடநூல்கள் நெடுங்காலம் சேர்க்காத ஒருவர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். 1896இல் பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கி விவரம் திரட்டினார். 1899இல் அது நூலாக வந்தது. கறுப்பர்களின் வறுமைக்கும் குற்றங்களுக்கும் காரணம் அவர்களது இரத்தம் அல்ல, அடிமை முறையின் மிச்சமும் வேலையிலும் வாடகை வீட்டிலும் காட்டப்பட்ட ஒதுக்குதலுமே என்று கணக்கோடு காட்டினார். அவரை ஆய்வுக்கு அமர்த்திய பல்கலைக்கழகம் அவருக்கு ஆசிரியர் பதவி தரவில்லை.

அந்த நூல் வந்து 17 ஆண்டுகள் கழித்து, 1916 மே மாதம், நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஒரு கருத்தரங்கில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். அவர் அம்பேத்கர். அப்போது இந்தியச் சாதியைப் பற்றிப் பேசியவர்களில் ரிஸ்லி போன்ற ஆங்கில அதிகாரிகள் முன்னணியில் இருந்தார்கள். ரிஸ்லி மூக்கை அளந்து சாதியை இனமாக விளக்கியவர். அம்பேத்கர் அதை மறுத்தார். சாதியின் சாரம் அகமணம். உடன்கட்டையும், விதவைக் கோலமும், சிறுமித் திருமணமும் அந்த அகமணத்தைக் காப்பாற்ற வைத்த ஏற்பாடுகள் என்றார். பெண்ணை அடக்காமல் சாதி நிற்காது என்பதை இந்தியச் சமூகவியலில் இவ்வளவு தெளிவாக அதற்கு முன் சொன்னவர்கள் அரிது. முதலில் ஒரு வகுப்பு தன் கதவைச் சாத்திக்கொண்டது, மற்ற வகுப்புகள் அதைப் பார்த்துச் சாத்தின, சில வகுப்புகள் தம்மீது கதவு சாத்தப்பட்டதாலேயே சாதி ஆயின என்றும் விளக்கினார்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியது 1919இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே எழுதப்பட்ட இந்தக் கட்டுரை, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாகவில்லை. 1952இல் எம். என். சீனிவாஸ் முன்வைத்த 'சமஸ்கிருதமயமாக்கம்' பாடமாயிற்று. கீழ்ச்சாதிகள் மேல்சாதிப் பழக்கங்களைப் பின்பற்றி மேலே நகர்கின்றன என்பது அதன் சுருக்கம். அப்படிப் பின்பற்ற முயன்ற நம் மக்களுக்கு என்ன நடந்தது? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். நகை அணியக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. இதை எழுதி வைத்தவர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன். பின்பற்ற முயல்பவரை அடித்துத் தடுக்கும் அதிகாரத்தைக் கணக்கில் எடுக்காத கோட்பாடு, சேரிக்குப் பொருந்தாது.

சீனிவாஸ் நூலறிவை விட்டுக் களத்துக்குப் போகச் சொன்னவர், அது பெரிய பங்களிப்பு. ஆனால் களத்திலும் தெரு உண்டு. அவர் 1948இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கியது ஊர்த் தலைவரின் ஆதரவில். ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமம் ஒன்றை ஆய்ந்தபோது அக்ரகாரத்தில் குடியிருந்தார். அதனால் தன்னை அக்ரகாரத்தோடு சேர்த்தே ஊர் பார்த்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் ஆய்வு செய்த இருவரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜோன் மென்ச்சர் 1974இல், கீழிருந்து பார்த்தால் சாதி ஒரு சுரண்டல் முறை, அடித்தட்டில் இருப்போர் அதைக் கர்மவினை என்று ஏற்கவில்லை என்று எழுதினார். மைக்கேல் மொஃபாட் 1979இல், தீண்டத்தகாதவர்களும் அதே மதிப்பீடுகளை ஏற்றுத் தமக்குள் அதே அடுக்கைக் கட்டியிருக்கிறார்கள் என்றார். நமக்குள் அடுக்கு இல்லை என்று நாம் வாதாட வேண்டியதில்லை. இருக்கிறது, அதை ஒழிப்பதும் நம் வேலைதான். ஆனால் நிலமும் கூலியும் ஒருவர் கையில் இருக்கும் ஊரில், வாய் திறக்காமல் இருப்பதைச் சம்மதம் என்று எப்படி எழுத முடியும்?

இப்போது கிராமங்களுக்குக் கணக்கெடுக்கப் போகும் தோழர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் யார் வீட்டில் உட்கார்ந்தோம், யார் கூட வந்தார்கள், யார் இருந்தபோது யார் பேசவில்லை என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஊராட்சித் தலைவரோடு சேரிக்குள் நுழைந்துவிட்டு, இங்கே தீண்டாமை இல்லை என்று அறிக்கை எழுதாதீர்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். மயானப் பாதை, தேநீர்க் கடை, கூலி கொடுக்கும் களம் மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். டு பாய்ஸும் அம்பேத்கரும் தம் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத் தரவோடு மறுத்தவர்கள். நம் அறிக்கையும் ஒரு நாள் ஆட்சியர் மேசையில் நம் மக்களுக்காகப் பேச வேண்டியிருக்கும். அதற்குத் தாங்கும்படி எழுதுவோம்.