விகதகுமாரனுக்கு இரண்டு தேதிகள்

மலையாளத்தின் முதல் திரைப்படம் எப்போது வெளியானது என்று தேடினால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று 1928 நவம்பர் 7. மற்றொன்று 1930 அக்டோபர் 23. படம் ஒன்றுதான்: 'விகதகுமாரன்', அதாவது காணாமற்போன பிள்ளை. அரங்கும் ஒன்றுதான்: திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டர். வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை காட்சியைத் தொடங்கிவைத்தார் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. ஆண்டில்தான் சிக்கல்.

எடுத்தவர் ஜே.சி. டேனியல். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் அடங்கிய அகஸ்தீஸ்வரத்துக் குடும்பம். சொந்த நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் 'திருவாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டுடியோவை அமைத்தார். கதை, ஒளிப்பதிவு, இயக்கம் எல்லாம் அவரே, நாயகனும் அவரே. பின்னால் எந்த முதலாளியும் நிற்கவில்லை. பெரிய கம்பெனி எடுத்த படம் என்றால் கணக்குப் புத்தகமாவது எங்காவது மிஞ்சியிருக்கும். இங்கே அதுவும் இல்லை, படச்சுருளும் இல்லை. சிறுவயதில் தாமே அதைத் தீயிட்டு விளையாடியதாக டேனியலின் மகன் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். அக்காலத்து நைட்ரேட் பிலிம் பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும், சொன்னது நம்பக்கூடியதே.

ஆகவே சான்று என்று நம்மிடம் இருப்பது முதலில் ஒரு பத்திரிகையாளரின் உழைப்பு. 1960-களில் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் டேனியலைத் தேடிக் கண்டுபிடித்தார். அப்போது மலையாள சினிமா வரலாறு, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-இல் எடுத்த 'பாலன்' என்ற பேசும்படத்திலிருந்தே பேசப்பட்டது. பல் மருத்துவராகத் தொழில் பார்த்து, முதுமையில் முடங்கியிருந்த மனிதரை அதற்கு முன்னால் நிறுத்தியவர் சேலங்காட்டு. விடாமல் எழுதினார். 1928 என்ற ஆண்டு அவர் எழுத்து வழியாகவே பரவியது. எடுத்தவரோடு நேரில் பழகியவர் தரும் தேதி என்பது அதன் பலம். ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்பது பலவீனம்.

இரண்டாவது சான்று ஒரு துண்டறிக்கை. படம் திரையிடப்பட்டபோது அச்சடித்தது. அதில் உள்ள தேதி 1930 அக்டோபர் 23. அன்றைக்கே கூட்டம் சேர்ப்பதற்காக அச்சான தாளில் ஆண்டை மாற்றிப் போட யாருக்கும் அவசியம் இல்லை. 1928-இல் வந்த படத்தை மறுபடி ஓட்டியபோது அச்சடித்திருக்கலாமே என்று கேட்கலாம். நானும் அந்தப் பக்கம் யோசித்துப் பார்த்தேன். ஆனால் முதல் காட்சியிலேயே கல்லெறி வாங்கிய படம் அது. அதே அரங்கில், இரண்டாண்டு கழித்து, புதுப்படம் போல் அறிவித்து ஓட்டியிருப்பார்கள் என்று கொள்ளக் கூடுதல் சான்று வேண்டும். அது இல்லாதவரை தாளின் தேதிக்கே எடை அதிகம்.

அப்படியானால் 1928 நவம்பர் எங்கிருந்து வந்தது? திருவிதாங்கூரில் நாள்கணக்குக் கொல்லம் ஆண்டில் நடந்தது. நம் ஆவணி அளவில் தொடங்கும் ஆண்டு அது. முதல் தேதி கொல்லம் 1104-இலும் மற்றது 1106-இலும் விழுகின்றன. ஆனால் மாதம் ஒன்றே: துலாம், நம் ஐப்பசி. பஞ்சாங்கத்தை ஒட்டிப் பார்த்தால் 1930-இல் தீபாவளி கழிந்த ஓரிரு நாளில் அக்டோபர் 23 வருகிறது. 1928-இல் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் நவம்பர் 7. மனித நினைவு பண்டிகையையும் பருவத்தையும் பிடித்துக்கொண்டு ஆண்டை நழுவவிடும். இது என் ஊகம்தான், நிரூபணம் அல்ல. ஆனால் சேலங்காட்டின் தேதியை வெறும் பிழை என்று தள்ளாமல், அது எப்படிப் பிறந்திருக்கக்கூடும் என்று பார்க்க இது இடம் தருகிறது.

ஆண்டு மாறினால் கதையும் மாறும். முதல் இந்தியப் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-இல் வந்தது. துண்டறிக்கை சரி என்றால் டேனியலின் மௌனப்படத்துக்கும் அதற்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை. அவர் மீளாமல் போனதற்குக் கடனும் கல்லெறியும் மட்டும் காரணமல்ல. அவர் கையிலிருந்த தொழில்நுட்பமே அப்போது காலாவதியாகிக்கொண்டிருந்தது.

இங்கே பக்கத்துப் படம் ஒன்றையும் பார்க்க வேண்டும். டேனியலின் உறவினர், நாகர்கோவில் சுந்தரராஜ், 1933-இல் 'மார்த்தாண்டவர்மா'வை எடுத்தார். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல். உரிமை கமலாலயா புத்தக டிப்போவிடம் இருந்தது. வழக்குப் போட்டு, பிரதி பதிப்பாளர் கைக்குப் போய், படம் நின்றுபோனது. அந்தப் பிரதிதான் 1974-இல் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. 'விகதகுமாரன்' மீது வழக்குப் போட யாரும் இல்லை. அதனால் அதற்கு நீதிமன்றக் கட்டும் இல்லை, பூட்டிவைத்த பிரதியும் இல்லை.

கல்லெறிக்குக் காரணமான பி.கே. ரோசியின் தடம் இன்னும் மெல்லியது. புலையர் சமூகத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து பாடி நடிக்கும் காக்காரிசி நாடகத்தில் பயின்றவர். படத்தில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடித்தார். சாதி இந்துக்கள் அதைப் பொறுக்கவில்லை. வீடு கொளுத்தப்பட, லாரி ஏறி நாகர்கோவில் பக்கம் வந்து, அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்பது வரலாறு. இதைத் தேடி எடுத்தவரும் ஒரு பத்திரிகையாளரே: குன்னுகுழி எஸ். மணி. அவர் கேட்டு எழுதியிராவிட்டால் ரோசி ஒரு பெயராகக்கூட மிஞ்சியிருக்க மாட்டார்.

ரோசியின் படம் என்று ஒரு முகம் எங்கும் உலவுகிறது. மங்கலான கறுப்பு வெள்ளை. பிரதிக்குப் பிரதி எடுத்துக் கண்ணும் உதடும் கரைந்துபோன முகம். எங்கே, எப்போது எடுத்தது, அது அவர்தானா என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இத்தனை வன்முறைக்குத் தப்பிய ஒரு பெண்ணுக்கு வேறொருத்தியின் முகத்தை ஒட்டிவிடக் கூடாது என்பதில் எனக்கு அச்சம் உண்டு.

தேட வேண்டிய திசை இப்போது தமிழ்ப் பக்கம். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இந்த எல்லை மாற்றத்தால் டேனியல் கேரளத்துக்கு வெளியூர்க்காரர் ஆனார். தமிழ்நாட்டில் பிறந்து வாழ்பவர் என்று சொல்லி அவருக்கு அங்கே உதவித்தொகை மறுக்கப்பட்டது. 1975-இல் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது ஏற்படுத்தியது 1992-இல். நிலத்தை விற்ற கிரயப் பத்திரம் கிடைத்தால், அதில் கொல்லம் ஆண்டு இருக்கும். பணம் எப்போது கைக்கு வந்தது என்று தெரிந்தால், படப்பிடிப்பு எப்போது தொடங்கியிருக்க முடியும் என்பதற்கு ஒரு கீழ் எல்லை கிடைக்கும். ராஜம்மாளுக்கு, பழைய வாக்காளர் பட்டியல்களைத் தெருத் தெருவாகப் பார்க்க வேண்டும். அதுவரை நான் ஆண்டை 1930 என்றே எழுதுகிறேன். அந்த முகத்தின் கீழே பெயர் போடுவதில்லை.