கரிசல் பருத்தியிலிருந்து கிரிப்டோ 'பாட்' வரை: ஒரு திரெட்

1/ போன மாசம் ஓபி-யில் ஒரு தம்பி. அருப்புக்கோட்டை பக்கம் தறிக்காரக் குடும்பம் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு. இசிஜி, தைராய்டு எல்லாம் நார்மல். பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வெளியே வந்தது: அம்மா நகையை அடகு வைத்து கிரிப்டோ டிரேடிங்.

2/ "நான் எதுவும் பண்ணல சார், ஏஐ பாட் தானா வாங்கி விக்குது. மெஷின் லேர்னிங். மூணு வருஷ டேட்டாவில் டெஸ்ட் பண்ணி லாபம் காட்டிருக்காங்க. அப்புறம் ஏன் சார் என் பணம் மட்டும் குறையுது?"

நல்ல கேள்வி. பதில் நம்ம கரிசல் மண்ணுக்குப் பழகின பருத்தியோட கதையில் இருக்கு.

3/ 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர். லங்காஷயர் மில்களுக்கு அங்கிருந்து பருத்தி வருவது நின்னுபோச்சு. இந்தியப் பருத்தி விலை எகிறியது. இந்தத் தென்மாவட்டக் கரிசல் பருத்திக்கு வெள்ளைக்காரன் சந்தையில் பெயர் 'டின்னவெலி'. தூத்துக்குடியில் கப்பலேறும்.

4/ நாலு வருஷம் ஏறின விலை அஞ்சாவது வருஷமும் ஏறும்னு கணக்குப் போட்டு, பருத்திக் காசை பம்பாயில் பங்குகளில் கொட்டினார்கள். 1865-ல் போர் முடிந்தது. விலை சரிந்தது. பம்பாயின் பெரும்புள்ளி பிரேம்சந்த் ராய்சந்தே நொடித்துப் போனார்.

கடந்த காலத்தை மட்டும் படித்த 'மாடல்' எப்படித் தோற்கும் என்பதற்கு இது பழைய உதாரணம்.

5/ அடுத்த கட்டம் இன்னும் சுவாரஸ்யம். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் பம்பாய்க்குத் தந்தியில் வரும். அந்த எண்களின் மேல் சூதாட்டம் நடந்தது. பெயர் 'அங்கடா'. 1961-ல் அந்த விலைகள் வருவது நின்றது.

என்ன செய்தார்கள்? பானைக்குள் சீட்டு போட்டு எடுத்தார்கள். அதுதான் 'மட்கா'. பருத்தி விலை இருந்த இடத்தில் பானை வந்தது, ஆட்டம் தொடர்ந்தது.

6/ கிட்டத்தட்ட அதே காலம், அமெரிக்கா. ஐபிஎம்-மில் வேலை பார்த்த கணித மேதை பெனுவா மாண்டல்பிராட், ஹார்வர்டில் பேசப் போன இடத்தில் கரும்பலகையில் ஒரு படத்தைப் பார்க்கிறார். பருத்தி விலையின் ஏற்ற இறக்கம்! அந்தத் தரவை வாங்கி வந்து கம்ப்யூட்டரில் அலசினார். 1963-ல் கட்டுரை வந்தது.

7/ அவர் கண்டதை என் தொழில் பாஷையில் சொல்றேன். ஆட்களின் உயரம் சராசரியைச் சுற்றித்தான் இருக்கும். 12 அடி மனிதர் என் ஓபி-க்கு வரவே மாட்டார். ஆனா பருத்தி விலையில் '12 அடி ஆட்கள்' அடிக்கடி வருகிறார்கள். திடீர்ச் சரிவும் திடீர் எகிறலும் அபூர்வம் இல்லை. சந்தையின் சுபாவமே அதுதான்.

8/ அப்போ யாருமே ஜெயிக்கலையா? ஜெயித்தார்கள். ஜிம் சைமன்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1988-ல் 'மெடாலியன்' நிதியைத் தொடங்கினார். விலைத் தரவிலிருந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும் முறை. பெரும் லாபம். ஆனா 1993-லேயே புதிதாக வெளியாட்கள் பணத்தை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

நிஜமாகவே வேலை செய்கிற சூத்திரத்தை யாரும் டெலிகிராமில் மாசச் சந்தாவுக்கு விற்க மாட்டார்கள், தம்பி.

9/ கிரிப்டோவுக்கு வருவோம். 2014-ல் எம்ஐடி-யில் தேவவ்ரத் ஷா, காங் ஜாங் இருவரும் பிட்காயினுக்கு ஒரு மாடல் செய்தார்கள். 60 நாளுக்குள் முதலீடு ஏறக்குறைய இரட்டிப்பு! ஆனா கவனிங்க: அது ஏற்கனவே நடந்து முடிந்த சில மாத விலைத் தரவின் மேல் ஓட்டிப் பார்த்த கணக்கு. இதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறோம்.

10/ பேக்டெஸ்டில் என்ன சிக்கல்? மருத்துவத்திலும் இதே கதை உண்டு. எக்ஸ்ரேயில் நிமோனியா கண்டுபிடிக்கும் ஏஐ பற்றி 2018-ல் ஒரு அமெரிக்க ஆய்வு. படித்த ஆஸ்பத்திரி படங்களில் நன்றாகச் சொன்னது, வேறு ஆஸ்பத்திரி படங்களில் தடுமாறியது. காரணம், படம் எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்பதையும் அது கண்டுபிடிக்கக் கற்றிருந்தது!

போன வருஷக் கேள்வித்தாளை மனப்பாடம் செய்த பையன் மாதிரி.

11/ மனப்பாடம் கைவிட்ட நாட்கள்: 2020 மார்ச் 12-ல் பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2022 ஏப்ரலில் 100 டாலரைத் தாண்டி விற்ற லூனா, மே மாதம் சில நாட்களில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. மாண்டல்பிராட்டின் 12 அடி ஆள் வந்துட்டார்.

12/ இன்னொன்று நம்ம ஊர் வரி. 2022 ஜூலையிலிருந்து ஒவ்வொரு கிரிப்டோ விற்பனைக்கும் 1% டிடிஎஸ். பாட் ஓயாமல் வாங்கி விற்கும். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்றாலும், 1,00,000 ரூபாயை 50 தடவை சுற்றினால் கையில் மிஞ்சுவது சுமார் 60,500. மீதி, வரித் தாக்கலில் கணக்கு வரும் வரை முடங்கிக் கிடக்கும். கமிஷன் தனி.

லாபத்துக்கு 30% வரி. ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றாலும் அந்த லாபத்துக்கு 30,000 வரி கட்டணும்.

13/ தம்பியிடம் மூணு கேள்வி எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டிலேயே.
• பாட் தான் பார்க்காத மாதங்களில் என்ன செய்தது?
• கமிஷன், டிடிஎஸ், வரி கழித்த பிறகு என்ன மிச்சம்?
• அது அவ்வளவு சம்பாதித்தால் உனக்கு ஏன் விற்கிறார்கள்?

14/ போன வாரம் மறுபடி வந்தார். பாட்-ஐ நிறுத்திட்டார். நகை இன்னும் அடகுக்கடையில்தான். ஆனா வீட்டில் சொல்லிட்டார், அஞ்சு மணி நேரம் தூங்குறாராம்.

வானம் பார்த்த பூமிக்காரங்க நாம். போன வருஷ மழையை நம்பி முழு விதையையும் விதைக்க மாட்டோம். கொஞ்சத்தைக் குதிரில் வைப்போம். அந்தப் புத்தி செல்போனிலும் வேணும்.

உங்க வீட்டுப் பிள்ளை இப்படி ராத்திரி முழிச்சிருந்தா, திட்டாம முதலில் உட்கார்ந்து கேளுங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா டெலி மானஸ் 14416, இலவசம். தமிழிலும் பேசலாம்.