பழைய டிராக்டருக்கு மாற்று இன்ஜின்: குறைந்த செலவில் தேர்வு செய்வது எப்படி?

இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்த டிராக்டரில் கியர் பெட்டி, ஹைட்ராலிக், பின் அச்சு எல்லாம் நல்ல நிலையில் இருக்கும். இன்ஜின் மட்டும் தளர்ந்துபோயிருக்கும். புது டிராக்டருக்குக் கடன் வாங்குவதைவிட இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால், விலை குறைவு என்பதற்காகப் பொருந்தாத இன்ஜினை வாங்கினால், உழவு நேரத்தில் டிராக்டர் பட்டறையில் நிற்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

இன்ஜினை மாற்றத்தான் வேண்டுமா?

இழுவை குறைந்ததுமே இன்ஜின் போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில் கோளாறு, டீசல் பம்ப் அளவு மாறியிருப்பது ஆகியவற்றை முதலில் பாருங்கள். இவற்றைச் சிறு செலவில் சரிசெய்யலாம். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இன்ஜின் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளவு எடுக்கச் சொல்லுங்கள். அளவு குறைந்த சிலிண்டரில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி எடுக்கும்போது அளவு கூடினால், ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டில் பழுது இருக்கலாம். வால்வு வேலை, ஹெட் வேலை மட்டும் போதும் என்றால் இன்ஜின் மாற்றும் பேச்சே வேண்டாம்.

மூன்று வழிகள்

1. இருக்கும் இன்ஜினையே பிரித்து வேலை பார்ப்பது: பிளாக்கில் விரிசல் இல்லாமல், கிராங்க்கை இன்னும் கடைய இடமிருந்தால் பெரும்பாலும் இதுவே சிக்கனமான வழி. லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் புதிதாகப் போட்டால் இன்ஜின் பல ஆண்டுகள் உழைக்கும். இன்ஜின் எண்ணும் மாறாது.

2. அதே மாடலின் பழைய இன்ஜினை வாங்குவது: பிளாக் உடைந்துவிட்டாலோ, கிராங்க் கடைசி அளவையும் தாண்டிவிட்டாலோ இந்த வழிக்குப் போகலாம். விலை குறைவு, ஆனால் உள்ளே எப்படி இருக்கிறது என்பது தெரியாது.

3. கம்பெனி இன்ஜின் அல்லது பிளாக், கிராங்க், பிஸ்டன் பூட்டிய கீழ்ப்பாதியை வாங்குவது: செலவு அதிகம். டிராக்டரை வாடகைக்கு ஓட்டி, நாள்தோறும் வருமானம் பார்ப்பவர்களுக்குக் கட்டுப்படியாகலாம்.

வேறு மாடல் இன்ஜின் ஏன் வேண்டாம்?

லாரியிலும் ஜீப்பிலும் இன்ஜின் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான டிராக்டர்களில் தனிச் சேஸிஸ் கிடையாது. முன் அச்சையும் கிளட்ச் பெட்டியையும் இணைக்கும் முதுகெலும்பே இன்ஜின்தான். அதனால் போல்ட் துளை, ஆயில் சம்ப், ஃபிளைவீல், கிளட்ச் எல்லாம் அளவு பிசகாமல் பொருந்த வேண்டும். தகடு வெட்டி, வெல்டிங் வைத்துப் பொருத்தினால் ஆழ உழும்போது அந்த இடம்தான் முதலில் விடும்.

சுற்று வேகமும் பொருந்த வேண்டும். பி.டி.ஓ. 540 சுற்று ஓடுவது, அந்த டிராக்டர் இன்ஜினின் வேகத்தைக் கணக்கிட்டு அமைத்தது. வேகம் வேறான இன்ஜினைப் பூட்டினால் ரோட்டவேட்டரின் வேகமும் மாறிப்போகும்.

பெயர் ஒன்றுபோல் இருப்பதை நம்பியும் வாங்காதீர்கள். மஹிந்திராவின் ஆரம்பகால பி-275 நான்கு சிலிண்டர். பின்னால் வந்த 275 டி.ஐ. மூன்று சிலிண்டர். பழைய இன்ஜினின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய இன்ஜின் வாங்கும்போது

• குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குறை வெளியே தெரியாது.
• ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை அழுத்தத்தோடு குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.
• அரை மணி நேரம் ஓடி சூடான பிறகு, குறைந்த வேகத்தில் ஆயில் அழுத்தம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் பேரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.
• ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் வாங்கவே வேண்டாம்.
• கிராங்க் ஏற்கெனவே எத்தனை முறை கடையப்பட்டது என்று கேளுங்கள். பட்டறையில் 10, 20, 30 என்று சொல்வது ஆயிரத்தில் இத்தனை அங்குலம் என்ற கணக்கு. 10 என்றால் சுமார் 0.25 மி.மீ. கடைசி அளவுக்கு வந்த கிராங்க்கை அடுத்த முறை கடைய முடியாது.
• ஓடாத இன்ஜின் என்றால், ஹெட்டையும் சம்ப்பையும் கழற்றிக் காட்டினால் மட்டும் விலை பேசுங்கள்.

மொத்தச் செலவை எழுதிப் பாருங்கள்

இன்ஜின் விலையோடு செலவு முடியாது. கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், டீசல் பம்ப் மற்றும் நாசில் சர்வீஸ், ரேடியேட்டர் சுத்தம், தண்ணீர் ஹோஸ், ஆயில், ஃபில்டர், ஏற்றுகூலி, பட்டறைக் கூலி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். டிராக்டர் நிற்கும் நாட்களில் வெளியாள் உழவுக்குக் கொடுக்கும் வாடகையையும் சேருங்கள். மூன்று வழிகளுக்கும் தனித்தனியாக இப்படிக் கூட்டினால், எது மலிவு என்பது தெரிந்துவிடும். கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின் கீழ், இன்ஜினை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். மாற்றுவதற்கு முன்பே அங்கு விசாரித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். எண் பொருந்தாவிட்டால் விபத்து இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். விற்பவரிடம் இன்ஜின் எண் எழுதிய ரசீதும், அந்த டிராக்டரின் ஆர்.சி. நகலும் வாங்குங்கள். எண் தேய்க்கப்பட்டோ மறுபடி குத்தப்பட்டோ இருந்தால் திருட்டுப் பொருளாக இருக்கலாம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

பூட்டிய பிறகு

புதிதாக லைனர், ரிங் போட்ட இன்ஜினுக்கு முதல் 50 மணி நேரம் கனமான வேலை கொடுக்க வேண்டாம். டிரெய்லரில் முழுப் பாரம், ஆழ உழவு இரண்டையும் தவிருங்கள். வேலையே கொடுக்காமல் வெறுமனே ஓட விடுவதும் நல்லதல்ல. அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டேங்கை நிரப்பி ஒரு மணி நேரம் உழுதுவிட்டு, மறுபடி நிரம்ப எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று குறித்து வையுங்கள். பின்னாளில் அதே நிலத்தில், அதே வேலைக்கு அந்த அளவு கூடினால், பழுது பெரிதாகும் முன்பே இன்ஜினைக் கவனித்துவிடலாம்.