துடுப்பை வீசச் சொன்னவள்

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாநிலத்து ஏரிகள் குளிர்காலம் முழுவதும் உறைந்து கிடக்கும். வசந்தத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டுக் கரைந்ததும் அந்தச் சீமைக்காரர்களுக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். கொட்டகையில் கிடந்த படகை இழுத்து வந்து, அடியிலுள்ள துவாரத்துக்குத் தக்கை செருகியாயிற்றா என்று பார்த்து, தண்ணீரில் இறக்குவார்கள். பிறகு பின்பக்கம் மாட்டியிருக்கும் மோட்டாரின் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். அது இருமும், புகை கக்கும், ஓய்ந்துவிடும். கரையில் நிற்கும் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

இந்த மோட்டாருக்கு ஒரு கதை சொல்வார்கள். மில்வாக்கி நகரத்து யந்திரத் தொழிலாளி ஓலி எவின்ரூட், நார்வேயில் 1877-இல் பிறந்து, ஐந்து வயதில் கப்பலேறி வந்தவர். ஒரு கோடைகாலத்தில் ஒக்காச்சி ஏரியின் நடுவிலிருந்த தீவுக்கு நண்பர்களுடன் உல்லாசமாகப் போயிருந்தார். காதலி பெஸ் கேரி, ஐஸ்கிரீம் வேண்டும் என்றாளாம். கொதிக்கும் வெயிலில் இரண்டரை மைல் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கினார். திரும்பி வருவதற்குள் அது பாயசமாகிவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் படகு மோட்டார் பிறந்ததாம்!

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இப்படிப்பட்ட கதைகளைக் கண்டால் கொஞ்சம் சந்தேகம் வரும். அளவுக்கு மீறி அழகாயிருக்கிறது அல்லவா? ஐஸ்கிரீம் உருகியது உண்மையாகவே இருக்கட்டும். எனக்கு அதன்மேல் உள்ள குறை வேறு. ஆசைப்பட்டுக் கேட்டதோடு அந்தப் பெண்ணின் வேலை முடிந்துபோனது என்று அது நம்மை நம்ப வைக்கிறது.

நடந்தது அப்படியல்ல. பெஸ், கணக்கும் தட்டெழுத்தும் அறிந்த பெண். 1906-இல் கல்யாணம் ஆவதற்கு முன்பே எவின்ரூட்டின் பட்டறைக் கடிதங்களை அவள்தான் கவனித்து வந்தாள். மனுஷர் யந்திரத்தில் மேதை, வியாபாரத்தில் குழந்தை. 1909-இல் அவர் செய்து கொண்டுவந்த முதல் மோட்டாரைப் பார்த்துவிட்டு, காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷின் மாதிரி இருக்கிறது என்றாளாம் அவள். ஒன்றரைக் குதிரைச் சக்தி. எடை 62 ராத்தல். சக்கரத்தைக் கையால் சுழற்றிக் கிளப்ப வேண்டும்.

படகுக்கு வெளியே மாட்டும் மோட்டாரை முதலில் செய்தவர் எவின்ரூட் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காமெரன் வாட்டர்மன் என்பவர் 1907-லேயே அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனாலும் எவின்ரூட்டின் பெயர்தான் நிலைத்தது. மோட்டார் நல்ல மோட்டார், வாஸ்தவம். ஆனால் பெஸ்ஸின் பேனாவுக்கும் அதில் பங்கு உண்டு. துடுப்பு வலிக்காதீர்கள், தூக்கி எறியுங்கள் என்ற பொருளில் அவள் எழுதிய விளம்பரம் பத்திரிகையில் வந்ததும் கடிதங்கள் குவிந்தன. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து, ஓலி பிறந்த சீமைப் பக்கத்து மீனவர்களும் கேட்டு வாங்கினார்கள். வீட்டில் கைக்குழந்தை, காரியாலயத்தில் கடிதக் கட்டு. அவள் உடம்பு எத்தனை நாள்தான் தாங்கும்?

தாங்கவில்லை. எவின்ரூட் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. 1914-க்குள் தம் பங்கைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டார். ஐந்து வருஷம் போட்டித் தொழில் செய்வதில்லை என்று எழுதியும் கொடுத்தார். தம் பெயரையே விற்றுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். மோட்டாரைக் கண்டுபிடித்ததைவிட இந்தக் காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கெடு முடிந்தபோது அவர் கையில் புது மோட்டார் இருந்தது. அலுமினியத்தில் செய்து, இரண்டு சிலிண்டர் வைத்தது. சக்தி பழையதற்கு இரட்டிப்பு, எடையோ குறைவு. பழைய கம்பெனி அதை வேண்டாம் என்றுவிட்டது. சொந்தப் பெயரைப் போட்டு விற்கவும் வழியில்லை. பெஸ் ஒரு யுக்தி செய்தாள். எவின்ரூட்டின் இலேசான இரட்டை சிலிண்டர் வெளிமோட்டார் என்பதற்கான ஆங்கில வார்த்தைகளின் முதலெழுத்துக்களைக் கோத்து ‘எல்ட்டோ’ என்று பெயர் சூட்டினாள். விற்ற பெயர் ஓர் எழுத்தாக உள்ளே ஒளிந்துகொண்டது! 1929-இல் பழைய கம்பெனியும் எல்ட்டோவும் ஒன்றாக இணைந்தபோது தலைவர் நாற்காலியில் எவின்ரூட்டே உட்கார்ந்தார்.

பெஸ் 1933 மே மாதம் இறந்தாள். அடுத்த ஆண்டு ஜூலையில் எவின்ரூட்டும் போய்விட்டார்.

அந்தப் பெயரில் புது மோட்டார் செய்வது 2020-இல் நின்றுவிட்டது. பழையவை இருக்கின்றன. விஸ்கான்ஸினில் பனி கரைந்ததும் யாராவது அதைத் துடைத்து எண்ணெய் போட்டுப் படகில் மாட்டுகிறார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஜோடித் துடுப்பையும் படகுக்குள் போட்டுக்கொள்கிறார்கள்.